வெள்ளை கொரோலாவும் எட்டு மணி நேரமும்: 2021 காபூல் ட்ரோன் தாக்குதல், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்ட் 29, ஞாயித்துக்கிழமை, சாயந்திரம் 5 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. காபூல்ல க்வாஜா புர்கான்னு ஒரு பகுதி, வீட்டோட வீடு ஒட்டி இருக்கிற இடம். வேலை முடிஞ்சு வந்த ஒருத்தர் வெள்ளை டொயோட்டா கொரோலா ஒண்ணை வீட்டு முற்றத்துக்குள்ள ஏத்துறார். கார் சத்தம் கேட்டதும் பசங்க ஓடி வர்றாங்க, அவரோட பசங்களும் கூடப்பிறந்தவங்களோட பசங்களும். அந்த நேரம் பாத்து மேல சுத்திட்டிருந்த அமெரிக்க ட்ரோன்லேருந்து ஒரு ஹெல்ஃபயர் ஏவுகணை கார் மேல விழுது. 10 பேர் போயிட்டாங்க, அதுல 7 பேர் குழந்தைங்க.

கார் ஓட்டுனவர் தீவிரவாதி கிடையாது. கலிஃபோர்னியாவைத் தலைமையிடமா வச்ச நியூட்ரிஷன் அண்ட் எஜுகேஷன் இன்டர்நேஷனல்ங்கிற தொண்டு நிறுவனத்துல பல வருஷமா வேலை பாத்தவர், பசியில கிடக்கிறவங்களுக்கு உணவு கொண்டு சேர்க்கிற நிறுவனம் அது. அமெரிக்காவுல குடியேற விண்ணப்பம் கூடப் போட்டு வச்சிருந்தார். எந்த நாட்டுக்குப் போய் உயிரைக் காப்பாத்திக்கணும்னு நினைச்சாரோ அந்த நாட்டு ஏவுகணைதான் வந்துச்சு.

இந்த கேஸை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. இதுல குழந்தைங்களைக் கொல்லணும்னு யாரும் கிளம்பல, மேலதிகாரிக்குத் தெரியாம ஒருத்தன் தனியாப் பண்ணின காரியமும் இல்ல, அத்தனை பேரும் அவங்கவங்க வேலையைச் சட்டத்தை மீறாமப் பாத்ததாத்தான் விசாரணையே சொல்லுது, ஆனா கடைசியில ஒரு குடும்பமே அழிஞ்சு போச்சு, தண்டனைன்னு ஒருத்தருக்கும் இல்ல. "போர்னா இப்படித்தான் நடக்கும்"னு சொல்லிட்டுக் கடந்து போறவங்க இருக்காங்க. என்னால அப்படிப் போக முடியல. தப்பு எங்க நடந்துச்சுன்னு காட்ட முடியும்னு நினைக்கிறேன், அது ட்ரிகரை அழுத்தின நொடியில நடக்கல, அதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்துடுச்சு.

பயம் எங்கேருந்து வந்துச்சு

நியாயமாப் பேசணும்னா இதுலேருந்துதான் ஆரம்பிக்கணும். ஆகஸ்ட் 15-ம் தேதி காபூல் தாலிபான் கைக்குப் போச்சு. ஏர்போர்ட்டைச் சுத்தி ஆயிரக்கணக்கான ஜனம். ஆகஸ்ட் 26-ம் தேதி அபே கேட்னு சொல்ற வாசல்கிட்ட, ஐஎஸ் தீவிரவாத அமைப்போட ஆப்கான் கிளையான ஐஎஸ்-கேயோட ஆளு ஒருத்தன் தன்கிட்ட இருந்த குண்டை வெடிக்க வச்சான், 13 அமெரிக்கப் படைவீரங்களும் ஏறக்குறைய 170 ஆப்கானியர்களும் செத்தாங்க. அமெரிக்கப் படைங்க கிளம்ப வேண்டிய கடைசி நாள் ஆகஸ்ட் 31. மூணே நாள்ல இன்னொரு தாக்குதல் வரப்போகுதுன்னு 60-க்கும் மேற்பட்ட உளவுத் தகவல் குவிஞ்சிருக்கு, அதுல ஒண்ணு வெள்ளை கொரோலா வரும்னு சொல்லுது.

அமெரிக்க ராணுவத்துல தாக்கலாமான்னு முடிவெடுக்கிற அறையில உக்காந்திருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தடுக்காம விட்டா நாளைக்கு மறுபடி பிணக்குவியல், அதுல நம்ம ஆளுங்களும் இருப்பாங்க, ஊர் ஜனமும் இருக்கும். இந்தப் பயம் நிஜம். இதைச் சின்னதாக்கிட்டு இந்த கேஸைப் பேசினா அது நேர்மை இல்ல.

ஆனா இன்னொண்ணும் நிஜம். காபூல்ல வெள்ளை டொயோட்டா கொரோலாங்கிறது எந்தத் தெருவுல திரும்பினாலும் கண்ணுல படுற வண்டி. "வெள்ளை கொரோலா வரும்"ங்கிற தகவல் அந்த ஊர்ல ஒருத்தரை அடையாளம் காட்டாது, ஆயிரக்கணக்கான பேரைச் சந்தேக வளையத்துக்குள்ள கொண்டு வந்து நிறுத்தும். தகவல் எவ்வளவு பலவீனமோ அதுக்கு ஏத்த மாதிரி நாமளும் தயங்கணும், இங்க அது நடக்கல.

எட்டு மணி நேரம் என்ன பாத்தாங்க

ஐஎஸ்-கே இடம்னு சந்தேகப்பட்ட ஒரு வீட்டுப் பக்கம் காலையில இந்தக் கார் வந்து நின்னுச்சு, அப்போலேருந்து எட்டு மணி நேரம் விடாம பின்னாடியே போனாங்க. ஒரு கட்டத்துல எம்க்யூ-9 ரீப்பர் ட்ரோன்கள் ஆறு வரைக்கும் மேல சுத்திட்டிருந்துச்சு. எட்டு மணி நேரம்னா ஒரு மனுஷனோட முழு வேலை நாள். அவர் என்ன பண்ணினார்? கூட வேலை செய்றவங்களை வழியில ஏத்திக்கிட்டார், மேலாளர் வீட்டுல லேப்டாப்பை வாங்கிக்கிட்டார், ஆபீஸுக்குப் போனார், உணவு உதவி சம்பந்தமா வெளிய போயிட்டு வந்தார், சாயந்திரம் கூட வந்தவங்களை இறக்கிவிட்டுட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

இதே காட்சிங்க மேலேருந்து பாத்தவங்களுக்கு வேற கதையாத் தெரிஞ்சுது. லேப்டாப் பை கை மாறினது அபே கேட்ல குண்டு வச்சிருந்த பை மாதிரி தெரிஞ்சுதாம். கார் நின்ன இடமெல்லாம் கூட்டாளிங்களைச் சந்திக்கிற இடமாத் தெரிஞ்சுது.

எனக்கு மனசை விட்டுப் போகாத காட்சி தண்ணி பிடிக்கிறது. மதியம் ரெண்டரை மணி சுமாருக்கு ஆபீஸ்ல அவரும் கூட வேலை செய்றவரும் ஹோஸ் பைப்பை எடுத்துக் காலி கேன்கள்ல தண்ணி ரொப்புறாங்க, அவர் வீட்டுப் பக்கம் தண்ணி வர்றது நின்னு போயிருந்துச்சு, அதனால ஆபீஸ்லேருந்து பிடிச்சுட்டுப் போறார். அந்த ஆபீஸ் கேமராவுலயே இது பதிவாகியிருக்கு. கேனை மூடித் தூக்கிட்டு வந்து டிக்கியில வைக்கிறார், கனம், அதனால மெதுவா, பாத்துப் பாத்து வைக்கிறார். மேலேருந்து பாத்தவங்க இதை வெடிபொருள் ஏத்துறதா எழுதிக்கிட்டாங்க. தண்ணி கேனைத் தூக்குறவன் எப்படிக் குனிவான், எப்படி வைப்பான்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், தினமும் பாக்குற விஷயம். ஆனா "இவன் குண்டு வைக்கிறவன்"ங்கிற ஒரு வரி மனசுல ஏறிட்டா தண்ணி கேனோட கனமே சாட்சியா மாறிடுது.

இதைத்தான் கன்ஃபர்மேஷன் பயாஸ்னு சொல்றாங்க, ஏற்கனவே நம்பினதுக்கு ஏத்த மாதிரியே பாக்குறதையெல்லாம் புரிஞ்சுக்கிறது. இந்த வார்த்தையைச் சொன்னதும் பல பேர் ஒரு பதில் கிடைச்ச மாதிரி நிறுத்திக்கிறாங்க, எனக்கு அங்கதான் கேள்வியே ஆரம்பிக்குது.

அப்புறம் சொன்னதும் சொல்லாததும்

தாக்குதல் நடந்த அன்னைக்கே, அந்தப் பகுதியில இருக்கிற அமெரிக்கப் படைகளை நடத்துற அமெரிக்க மத்திய கட்டளையகம் ஏர்போர்ட்டுக்கு வரவிருந்த ஆபத்தைத் தடுத்துட்டோம்னு அறிவிச்சுது. பெரிய இரண்டாவது வெடிப்பு நடந்துச்சு, அதனால வண்டிக்குள்ள வெடிபொருள் இருந்திருக்கும்னும் சொல்லிச்சு. செப்டம்பர் 1-ம் தேதி கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லி இது நியாயமான தாக்குதல்னு சொன்னார். செப்டம்பர் 10-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் அந்த நாள் முழுக்க அவர் எங்கெங்க போனார், என்ன பண்ணினார்னு கேமரா பதிவையும் கூட இருந்தவங்க பேச்சையும் வச்சு வரிசையாப் போட்டுது. ஒரு வாரம் கழிச்சு, செப்டம்பர் 17-ம் தேதி மத்திய கட்டளையகத் தலைவர் ஜெனரல் கென்னத் மெக்கென்ஸி இது தப்புதான்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டார், இதுக்கு நான்தான் முழுப் பொறுப்புன்னும் சொன்னார். இரண்டாவது வெடிப்புன்னு சொன்னது அனேகமா முற்றத்துல இருந்த கேஸ் சிலிண்டர்.

2023 ஜனவரியில வெளிய வந்த ராணுவ விசாரணை ஆவணங்களைப் பாத்தா, அடி விழுந்த சில நிமிஷத்துலயே பொதுமக்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்னு வீடியோ பாத்தவங்க உள்ளே சொல்லியிருக்காங்க, மூணு மணி நேரத்துக்குள்ள குறைஞ்சது மூணு குழந்தைங்க செத்திருக்கலாம்ங்கிற மதிப்பீடும் வந்திருக்கு. வெளிய சொன்னதோ பொதுமக்கள் பாதிக்கப்பட்டதுக்கு இப்போதைக்கு அறிகுறி இல்லன்னு. தாக்குதலாவது அவசரத்துல, பயத்துல நடந்துச்சுன்னு சொல்லலாம். இந்த மறைப்புக்கு எந்த அவசரமும் இல்ல, ஏர்போர்ட்ல இருந்த ஒரு உயிரையும் அது காப்பாத்தல. அந்தக் குடும்பம் பிள்ளைங்களைப் புதைச்சுட்டு நின்ன நாட்கள்ல, அந்த வீட்டு மனுஷன் தீவிரவாதின்னு உலகம் முழுக்கப் பேசிச்சு. என்னைக் கேட்டா இந்த கேஸ்ல யாரும் சமாதானம் சொல்ல முடியாத பகுதி இதுதான்.

விசாரணை

விமானப்படை இன்ஸ்பெக்டர் ஜெனரல் லெஃப்டினன்ட் ஜெனரல் சமி சையத் 29 பேரை விசாரிச்சார். 2021 நவம்பர் 3-ம் தேதி முடிவைச் சொன்னார்: போர்ச் சட்டத்தை யாரும் மீறல, அலட்சியம்னும் சொல்ல முடியாது, நேர்மையான தப்பு. செயல்பாட்டுப் பிழையும் கன்ஃபர்மேஷன் பயாஸும் தகவல் சரியாப் பகிராம போனதும் சேர்ந்து நடந்த விபரீதம்னு விளக்கம் கொடுத்தார். டிசம்பர் 13-ம் தேதி பாதுகாப்புத் துறை அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் யார் மேலயும் நடவடிக்கை இல்லங்கிற முடிவை ஏத்துக்கிட்டது தெரிய வந்துச்சு. குடும்பத்துக்கு இரங்கல் தொகையும் இடம்பெயர உதவியும் தர்றதா அக்டோபர்லயே பென்டகன் சொல்லியிருந்துச்சு.

சையத் சொன்னதுல ஒரு விஷயத்தைத் தனியா எடுத்துப் பேசணும். ஏவுகணையை விடுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வீடியோவுல ஒரு குழந்தை இருந்ததுக்கான அடையாளம் தெரியுதுன்னார். ஆனா அது சட்டுன்னு கண்ணுல படாது, தேடிப் பாத்தாத்தான் தெரியும்னார். அவங்களுக்குச் சாதகமாச் சொன்னதுதான் இது, பரபரப்பான நேரத்துல அது தெரியாம போறது சகஜம்ங்கிற அர்த்தத்துல. சரி, தேடிப் பாத்தாத் தெரியும்னா, தேடுறது யாரோட வேலையா இருந்துச்சு? ஆறு ட்ரோன், எட்டு மணி நேரம், எத்தனையோ ஜோடிக் கண்ணு. இவன்கிட்ட குண்டு இருக்கான்னு தேடத்தான் அத்தனையும் ஏற்பாடு. இவன் குற்றமில்லாதவனா இருந்தா எப்படித் தெரியும், அந்தச் சுவத்துக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு தேடுறதை மட்டுமே பொறுப்பா எடுத்துக்கிட்ட ஆள், வேணாம்னு கத்த உரிமை இருக்கிற ஆள் யாரும் இல்ல. சையத் கொடுத்த பரிந்துரையிலயே பயாஸைக் குறைக்க வழி பண்ணணும்னும், தாக்குறதுக்கு முன்னாடி பொதுமக்கள் இருக்காங்களான்னு பாக்குற முறையைத் திரும்ப ஆராயணும்னும் இருக்குன்னா அந்தக் குறை அவருக்கும் தெரிஞ்சிருக்கு.

இது முதல் தடவையும் இல்ல

2010 பிப்ரவரி 21-ம் தேதி ஆப்கானிஸ்தான் உருஸ்கான் மாகாணத்துல மூணு வண்டியில போன ஜனங்களை பிரிடேட்டர் ட்ரோன் குழு ஒண்ணு மணிக்கணக்கா பின்தொடர்ந்துச்சு. வண்டியில குழந்தைங்க இருக்கலாம்னு வீடியோ ஆய்வு பண்றவங்க சொன்னாங்க, ஆனா அது கைமாறிக் கைமாறிப் போகும்போது குழந்தைங்க வளர்ந்த பசங்களா மாறிப் போனாங்க. அந்தத் தாக்குதல்ல 23 பேர் செத்ததா ஊர்க்காரங்க சொன்னாங்க. விசாரிச்ச மேஜர் ஜெனரல் டிமோதி மெக்ஹேல் அந்த ட்ரோன் குழு கொடுத்த தகவல் தப்பும் பொறுப்பில்லாததுமா இருந்துச்சுன்னு எழுதினார். 2015 அக்டோபர் 3-ம் தேதி குந்தூஸ்ல எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்போட ஆஸ்பத்திரியை ஏசி-130 விமானம் சுட்டுப் பொசுக்குச்சு, 42 பேர் செத்தாங்க, ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு ஜிபிஎஸ் புள்ளியை அவங்க சில நாள் முன்னாடிதான் கொடுத்திருந்தாங்க. விமானத்துல இருந்த கருவி வெறும் நிலத்தைக் காட்டுச்சு, அதனால வாய்மொழியாச் சொன்ன கட்டட வர்ணனைக்குப் பொருந்துற மாதிரி பக்கத்துல எது இருக்குன்னு பாத்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்த கேஸ்ல 16 பேர் மேல துறை நடவடிக்கை எடுத்தாங்க, குற்ற வழக்கு யார் மேலயும் இல்ல.

மூணுலயும் ஒரே மாதிரிதான். முதல்ல ஒரு முடிவு வருது, அப்புறம் கண்ணு அந்த முடிவுக்கு வேலை செய்யுது. ஒரு தடவை நடந்தா தெரியாம நடந்துச்சுன்னு சொல்லலாம். 2010-லயே இந்த நோயோட பேரை எழுதி வச்ச ஒரு அமைப்பு 2021-லயும் மருந்து எடுத்துக்காம இருந்துச்சுன்னா அதை நேர்மையான தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தனி ஆளுங்களுக்கு அந்த வார்த்தை பொருந்தலாம், அமைப்புக்குப் பொருந்தாது.

சந்தேகத்தோட பலன் யாருக்கு

போர் நெறி பத்தி எழுதுறவங்க, அமெரிக்கத் தத்துவவாதி மைக்கேல் வால்ஸர் சொன்ன ஒரு கருத்தை அடிக்கடி எடுப்பாங்க. பொதுமக்களைக் கொல்ற நோக்கம் இல்லன்னு சொன்னா மட்டும் பத்தாது, அவங்களைக் காப்பாத்தணும்ங்கிற நோக்கம் தனியா இருக்கணும், அதுக்காகத் தன் படைவீரன் கொஞ்சம் கூடுதல் ஆபத்தை ஏத்துக்கவும் தயாரா இருக்கணும்னு. காபூல்ல இது ரொம்பக் கஷ்டமான கோரிக்கைதான், மூணு நாள் முன்னாடி 13 சவப்பெட்டி போயிருக்கு, இன்னும் ஆபத்தை ஏத்துக்கோன்னு யாரைப் பாத்துச் சொல்றது. ஆனா அந்தக் கார் ஏர்போர்ட் வாசல்ல நிக்கல. ஒரு வீட்டு முற்றத்துல பார்க் பண்ணிட்டிருந்துச்சு. அங்கேருந்து அது ஏர்போர்ட்டை நோக்கிக் கிளம்பினா தடுக்க இன்னும் நேரம் இருந்துச்சு, சந்துக்குள்ள சிக்காத இடமாப் பாத்துத் தடுக்கலாம், வழியில சோதனைச் சாவடி இருக்கு. காத்திருக்கிறதுலயும் ஆபத்து உண்டுதான். அந்த ஆபத்துல கொஞ்சம் கூட நம்ம பக்கம் வேணாம்னு முடிவெடுத்ததால மொத்தமும் அந்த முற்றத்துக்குப் போச்சு.

சட்டத்துலயும் இதுக்கு ஒரு இடம் இருக்கு. 1977-ல வந்த ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறையோட 50-வது பிரிவு, ஒருத்தர் பொதுமக்கள்ல ஒருத்தரான்னு சந்தேகம் வந்தா பொதுமக்கள்ல ஒருத்தராத்தான் எடுத்துக்கணும்னு சொல்லுது. அமெரிக்கா அதை அங்கீகரிக்கல. பென்டகனோட போர்ச் சட்டக் கையேடும் பல வருஷம் அப்படி ஒரு கட்டாயம் பொதுவான சட்டத்துல கிடையாதுன்னே சொல்லிட்டு வந்துச்சு. அதாவது அந்த எட்டு மணி நேரம் நடந்தப்போ சந்தேகத்தோட பலன் அந்தக் கார் ஓட்டுனவருக்குச் சேரணும்ங்கிறது கையேட்டுல இல்ல. கீழ இருக்கிறவர் தான் குற்றமில்லாதவர்னு நிரூபிக்கணும், தன் மேல கண்ணு இருக்குன்னே தெரியாம நிரூபிக்கணும். எட்டு மணி நேரமும் அவர் அதைத்தான் பண்ணினார், வேலைக்குப் போனார், தண்ணி பிடிச்சார், வீட்டுக்கு வந்தார். அதுக்கு மேல ஒரு மனுஷன் தன் அப்பாவித்தனத்தை எப்படிக் காட்டுறது?

அப்போ யார் பொறுப்பு

பல கைகள் சேர்ந்து ஒரு தப்பு நடந்தா எந்தக் கையையும் பிடிக்க முடியாம போறது நெறியியல்ல ரொம்பப் பழகின சிக்கல். உளவுத் தகவல் கொடுத்தவர் வேற, வீடியோ பாத்தவர் வேற, முடிவெடுத்தவர் வேற, ஏவினவர் வேற, ஒவ்வொருத்தரும் தனக்கு வந்த தகவலை வச்சு நியாயமா நடந்ததாச் சொல்லலாம். விசாரணையும் ஒவ்வொருத்தரையா எடுத்து, நீ நியாயமா நடந்தியான்னு கேட்டுது, ஆமான்னு பதில் வந்துச்சு. பிரிட்டிஷ் தத்துவவாதி பர்னார்ட் வில்லியம்ஸ் ஒரு லாரி டிரைவரை உதாரணம் சொல்வார், எந்தத் தப்பும் பண்ணாம ஓட்டும்போது குழந்தை ஒண்ணு குறுக்க வந்து அடிபட்டுடுது, அவனைக் குத்தம் சொல்ல முடியாது, ஆனா பக்கத்துல நின்னு பாத்தவனுக்கு வர்ற வருத்தம் மட்டும் அவனுக்கு வந்தாப் போதாது, அது அவன் கையால நடந்தது. காபூல்ல ட்ரோன் குழுவுல இருந்த சின்ன வயசு ஆட்களுக்கு இந்த உதாரணம் ஓரளவு பொருந்தும்னு நினைக்கிறேன். அவங்களை ஜெயில்ல போட்டா நியாயம் கிடைச்சிடும்னு நான் நம்பல. மேல இருக்கிறவங்களுக்கு இது பொருந்தாது, ஏன்னா அந்த ரோடு எப்படி இருக்கணும், லாரிக்கு பிரேக் இருக்கணுமான்னு முடிவு பண்ணினவங்களே அவங்கதான். முழுப் பொறுப்பும் என்னோடதுன்னு மெக்கென்ஸி சொன்னதை நான் மதிக்கிறேன், ஆனா முழுப் பொறுப்பு எடுத்துக்கிட்டதால ஒருத்தர் பதவியோ தரமோ எதுவும் மாறலன்னா அந்த முற்றத்துல மிச்சம் இருக்கிறவங்களுக்கு அது என்னவாக் கேட்டிருக்கும்.

இப்போ எல்லாரும் ஏஐ வந்து குறி பாக்குறதைப் பத்திப் பேசுறாங்க. ட்ரோன் வீடியோவைக் கம்ப்யூட்டரே அலச 2017-ல பென்டகன் ப்ராஜெக்ட் மேவனை ஆரம்பிச்சுது, 2018-ல கூகுள் ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டதால கூகுள் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம விட்டுது. மெஷின் சோர்ந்து போகாது, பயப்படாது, அதனால இந்தத் தப்பு நடக்காதுன்னு சொல்றவங்ககிட்ட நான் இந்த கேஸைத்தான் காட்டுவேன். வெள்ளை கொரோலா, கை மாறின பை, கனமான கேன், மூணையும் மெஷின் இன்னும் வேகமா, இன்னும் கச்சிதமாக் கண்டுபிடிச்சுக் கொடுக்கும். சந்தேகம் வந்தா எந்தப் பக்கம் சாயணும்னு மனுஷன் முதல்லயே தப்பா முடிவெடுத்திருந்தா எட்டு மணி நேரத்துல நடந்தது எட்டு நிமிஷத்துல நடக்கும்.

மாற்றம் கொஞ்சம் வந்துச்சு. 2022 ஆகஸ்ட்ல ஆஸ்டின் பொதுமக்கள் பாதிப்பைக் குறைக்க ஒரு செயல்திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார், முடிவை எதிர்த்துக் கேள்வி கேக்குறதுக்குன்னே ஆட்களை வைக்கிறதும் கன்ஃபர்மேஷன் பயாஸைச் சமாளிக்கிறதும் அதுல இருந்துச்சு. 2023 ஜூலையில போர்ச் சட்டக் கையேட்டை மாத்தினாங்க, கையில இருக்கிற தகவல் வேற மாதிரி காட்டாத வரைக்கும் ஒருத்தரைத் தாக்கக் கூடாதவர்னே எடுத்துக்கணும்னு. சம்பவம் நடந்து ரெண்டு வருஷம் ஆகப் போற நேரம்.

காகிதத்துல வந்தது நல்லதுதான், நான் குறை சொல்லல. அடுத்த தடவை அந்த அறைக்குள்ள எதிர்க்கேள்வி கேக்குற ஆள் உக்காரும்போது அவருக்கு என்ன அதிகாரம் இருக்குங்கிறதுதான் நான் பாக்க விரும்புறது. அவர் சொன்னதும் ட்ரோன் குழு கையை எடுத்தாகணுமா, இல்ல அவர் சொன்னதைக் குறிச்சுக்கிட்டு மேல போவாங்களா. 2022 ஜனவரியில வெளிய வந்த அந்தத் தாக்குதல் வீடியோவுல அடி விழுந்த அப்புறம் அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க மொட்டை மாடிலேருந்து முற்றத்துக்குள்ள தண்ணி ஊத்துறது தெரியுது. அப்போவும் ட்ரோன் மேலதான் சுத்திட்டிருந்துச்சு, கேமரா ஓடிட்டிருந்துச்சு.